மணமும் குணமும்

ஒருவர் பூசியிருக்கும் நறுமணத்தைக் கொண்டு அவருடைய குணத்தைச் சொல்லிவிடலாமா? அன்பார்ந்த நேயர்களே, இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட வினா இதுவே. சஞ்சிகைகளில் இதற்கு ஆயத்த விடைகள் உண்டு. மல்லிகை வாசனையை விரும்புபவர் கனிந்த உள்ளத்தினர், ரோஜாவை விரும்புபவர் காதல் மனத்தினர் என்று அவை எழுதும். உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் கற்கும் மாணவர் சிலர் அத்தகைய பக்கமொன்றைக் காட்டி, "சேர், இது உண்மையா?" என்று கேட்டனர். இலக்கியம் கற்பிப்பவனுக்கு இது புறம்பான வினா அன்று.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். ஐம்புலன்களின் நுகர்வை எண்ணிச் சொல்லும் 27ஆம் குறளிலே வள்ளுவர் வாசனையை 'நாற்றம்' என்ற சொல்லாலேயே குறிக்கிறார். 1274ஆம் குறளிலே அரும்புக்குள் அடங்கிக் கிடக்கும் நறுமணத்துக்கும் அதே சொல்தான். இன்றோ ஒருவரைப் பார்த்து "நாறுகிறீர்" என்றால் சண்டைதான் வரும். உயர்ந்த பொருளிலே வழங்கிய சொல் தாழ்ந்த பொருளுக்கு இறங்குவதை மொழியியலார் இழிபொருட்பேறு என்பர்.

வியப்பு என்னவெனில், இச்சொல்லின் இரு பொருளையும் இயற்கை ஒரே பூவில் வைத்திருக்கிறது. மல்லிகை இனப் பூக்களின் மணத்திலே 'இந்தோல்' என்னும் இரசாயனப் பொருள் உண்டு. மனித மலத்தின் வாடையிலும் அதற்குப் பங்குண்டு. செறிவு மிகுந்தால் மூக்கைப் பொத்த வைக்கும் அதே பொருள், சிறிதளவிலே பூவின் மணத்துக்கு ஆழத்தைத் தருகிறது. ஆகவே நறுமணம், துர்மணம் என்ற பிரிவு பொருளில் மட்டுமன்றி அளவிலும் தங்கியுள்ளது.

இனி, உலகப் புகழ் பெற்ற ஒரு மலர் வாசனையை எடுத்துக்கொள்வோம். பாரிஸ் நகரில் 1921இல் வெளிவந்த 'ஷனெல் இலக்கம் 5' அது. ஆடை வடிவமைப்பாளரான கப்ரியேல் ஷனெலுக்காக, மொஸ்கோவிலே தொழில் பழகிய ஏர்னெஸ்ட் போ என்பவர் அதனை ஆக்கினார். 1 முதல் 5 வரையும், 20 முதல் 24 வரையும் இலக்கமிட்ட மாதிரிகளிலிருந்து ஷனெல் ஐந்தாவதைத் தெரிந்தெடுத்தார். இலக்கமே பெயராயிற்று. அக்கால வாசனைகள் பல ஒரு பூவின் மணத்தையே ஒத்திருந்தன. இதிலோ பிரான்சின் கிராஸ் பகுதியிலே விளையும் மல்லிகையும் ரோஜாவும், இலாங் இலாங் பூவின் எண்ணெயும், அல்டிகைட்டு எனப்படும் செயற்கைப் பொருட்களும் கலந்தன. முகர்ந்தால் மலர்தான்; ஆனால் எந்த மலர் என்று சொல்ல முடியாது.

இத்தகைய வாசனை உடலிற் பட்டதும் ஒரே நிலையில் நிற்பதில்லை. விரைந்து ஆவியாகும் பொருட்கள் முதலில் எழுகின்றன. பூவின் மணம் அடுத்து வருகிறது. மரம், பிசின் போன்றவற்றின் கனத்த மணம் இறுதிவரை நிற்கிறது. தோலின் வெப்பம், எண்ணெய்த் தன்மை, வியர்வை என்பன இம்மாற்றத்திலே பங்குகொள்கின்றன. எனவே ஒரே போத்தலிலிருந்து இருவர் பூசினாலும் மணம் சற்று வேறுபடலாம். அணிபவரின் பங்கு மணத்தில் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அது உடலின் பங்கு. உள்ளத்தின் பங்கு அன்று.

இதை வரலாறும் காட்டுகிறது. 1944இல் பாரிஸ் விடுவிக்கப்பட்டபோது, தம் வீட்டுப் பெண்களுக்குக் கொண்டுசெல்வதற்காக அமெரிக்கப் போர்வீரர்கள் ஷனெலின் கடை வாசலிலே வரிசையில் நின்றார்கள். திரைப்பட நடிகை மர்லின் மன்றோவும் அதையே பூசினார். நடிகைக்கும், எங்கோ ஒரு கிராமத்துப் போர்வீரனின் தாய்க்கும் ஒரே மணம். குணமும் ஒன்றாகிவிடுமா?

அந்த மணத்துக்குப் பெயர் கொடுத்தவரையே பாருங்கள். 1924இல் அமைந்த வாசனைக் கம்பனியிலே ஷனெலின் பங்கு 10 வீதம். யூதர்களான வேர்த்தைமர் சகோதரர்களின் பங்கு 70 வீதம். ஜேர்மனியர் பாரிஸைக் கைப்பற்றியிருந்த 1941இல், யூதரின் சொத்தைப் பறிக்கும் சட்டங்களைத் துணைக்கொண்டு, முழுக் கம்பனியையும் தமதாக்கித் தருமாறு ஷனெல் ஜேர்மன் அதிகாரிகளிடம் கோரினார். அச்சகோதரர்கள் அமெரிக்காவுக்குத் தப்பிச் செல்லுமுன், யூதரல்லாத ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயருக்குக் கம்பனியை மாற்றியிருந்தபடியால் அம்முயற்சி பலிக்கவில்லை. போத்தலின் மணம் அன்றும் இனிமையாகவே இருந்தது.

நேயர்களே, இந்த வினாவை நான் விளையாட்டாக விட்டுவிடாமைக்குக் காரணம் உண்டு. நறுமணம் நல்ல குணத்தின் அடையாளம் என்று ஒப்புக்கொண்டால், வியர்வை மணம் தாழ்ந்த குணத்தின் அடையாளம் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். வேலை முடிந்து பஸ்ஸில் ஏறும் தொழிலாளியைக் கண்டு முகஞ்சுழித்து விலகுவதற்கும், மீன் விற்கும் பெண்ணின் அருகே அமர மறுப்பதற்கும் இந்த எண்ணமே வேராக இருக்கிறது. அவர்கள்மேல் வீசுவது அவர்களது உழைப்பின் மணம்.

மணத்தை மனிதருக்கு உவமையாக்க வேண்டுமானால், வள்ளுவர் ஆக்கியவாறு ஆக்குவோம். தாம் கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துரைக்க மாட்டாதவரை, கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத பூவுக்கு 650ஆம் குறளிலே அவர் ஒப்பிடுகிறார். அவருக்கு மணம் என்பது பூசிக்கொள்வது அன்று. உள்ளிருப்பது பிறரிடம் சென்று சேர்வது. மாணவருக்கு நான் சொன்ன விடையும் இதுதான்: சென்ற் போத்தல் அதை வாங்கியவரின் விருப்பத்தைச் சொல்லும், அவருடைய பணப்பையையும் ஓரளவு சொல்லும். குணத்தை அறிய அவரோடு பேசிப் பழகத்தான் வேண்டும்.