அறுவை அரங்குக்கு வந்த பாதரசக் குழாய்

மயக்க மருந்து வலியை மட்டும் அடக்குவதில்லை. பெரும்பாலும் இரத்தக் குழாய்களையும் தளர்த்திவிடும். இரத்த அழுத்தம் மிகவும் சரிந்தால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தம் குறையும். மயங்கிக் கிடப்பவரால் தலை சுற்றுகிறது என்று சொல்ல முடியாது.

இத்தாலியின் டூரின் நகரில் மருத்துவர் சிப்பியோனே ரிவா-ரோச்சி அந்த அழுத்தத்தை அளக்கும் கருவி ஒன்றை 1896-இல் அறிவித்தார். மேற்கையில் சுற்றும் ரப்பர் பட்டை, காற்றடிக்கும் குமிழ், பாதரசக் குழாய், அவ்வளவுதான். பட்டையில் காற்று ஏற ஏற மணிக்கட்டில் நாடி மங்கும். அது நின்றுபோகும் கணத்தில் பாதரசம் நிற்கும் உயரமே மேல் அழுத்தம். பட்டை குறுகலானது என்பதால் அளவு சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கீழ் அழுத்தத்தையும் அறியும் முறையை 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொன்னார்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1901-இல் இத்தாலியின் பவியா மருத்துவமனையில் இக்கருவியைக் கண்டார். மாணவராக இருந்த 1890-களிலேயே, சக மாணவர் காட்மனுடன் சேர்ந்து, ஈதர் என்ற மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர்களின் நாடியையும் மூச்சையும் தாளில் குறித்துவைத்தவர் அவர். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குத் திரும்பியதும் அந்தத் தாளில் இரத்த அழுத்தமும் ஏறியது.

ஹார்வர்டில் இக்கருவியை ஆராய்ந்த குழு, தேர்ந்த விரலே மேல் என்றது. நாடி பிடித்துப் பழகிய கைகளுக்கு அந்த நம்பிக்கை இயல்புதான். ஆனால் விரல் உணர்ந்ததை எண்ணாக எழுதிவைக்க முடியாது. அடுத்தவரிடம் காட்டவும் முடியாது.

பின்னர் அதே ஹார்வர்டைச் சார்ந்த மருத்துவமனைகள் 1986-இல் வெளியிட்ட விதிமுறைப்படி, மயக்கத்தில் இருப்பவரின் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் குறைந்தது 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும்.