சீமாட்டி ஜெயித்தார், கணக்குப்பிள்ளை தோற்றார்!

இனாம் கேட்டு இரண்டு பேர் கோர்ட்டுப் படி ஏறினார்கள். ஒருவர் இங்கிலாந்துச் சீமாட்டி. மற்றவர் கான்பூர் கணக்குப்பிள்ளை. சீமாட்டிக்குப் பணம் கிடைத்தது. கணக்குப்பிள்ளை வெறுங்கையோடு திரும்பினார்.

ஏன் இந்த வித்தியாசம்? அது தெரிந்தால், ஒப்பந்தம் என்றால் என்ன என்பதும் தெரிந்துவிடும்.

புகை உருண்டை

1889-ம் ஆண்டு தொடங்கி, "இன்புளூயன்சா" காய்ச்சல் உலகத்தையே ஆட்டி வைத்தது. லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். காய்ச்சல் என்ற பேச்சைக் கேட்டாலே மக்கள் நடுங்கினார்கள்.

அந்தச் சமயத்தில், 1891 நவம்பரில், லண்டன் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. "கார்பாலிக் புகை உருண்டை" என்ற மருந்தின் விளம்பரம் அது. ரப்பர் பந்துக்குள் மருந்துப் பொடி இருக்கும். பந்தில் உள்ள குழாயை மூக்கில் வைத்து அமுக்கினால், பொடி புகைபோல மேலே ஏறும். விலை 10 ஷில்லிங்.

தினம் 3 வேளை வீதம் 2 வாரம் இதை உபயோகித்த பிறகும் காய்ச்சல் வந்தால், 100 பவுன் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. அதற்காகப் பாங்கியில் 1,000 பவுன் கட்டியிருப்பதாகவும் சொன்னது.

கார்லில் சீமாட்டி அதை நம்பினார். உருண்டையை வாங்கினார். சொன்னபடியே தினம் 3 வேளை உபயோகித்தார். ஆனாலும் 1892 ஜனவரி 17-ந் தேதி அவரைக் காய்ச்சல் பிடித்தது!

பணம் கேட்டுக் கடிதம் போனது. பதில் இல்லை. மீண்டும் கேட்டபோது, ஆபீசுக்குத் தினம் வந்து எங்கள் முன்னால் உபயோகித்துக் காட்ட வேண்டும் என்றது கம்பெனி. சீமாட்டி வழக்குப் போட்டார்.

"விளம்பரம் என்றால் நாலு வார்த்தை பெருமையாகத்தான் இருக்கும். உலகத்தில் உள்ள எல்லோருடனும் யாராவது ஒப்பந்தம் செய்வார்களா?" என்று வாதாடினார்கள் கம்பெனி வக்கீல்கள்.

1892 டிசம்பரில் அப்பீல் கோர்ட்டு இந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. பாங்கியில் பணம் கட்டியதாகச் சொன்ன பிறகு அது வெறும் பேச்சு ஆகாது. வாக்கு எல்லோருக்கும் பொது. ஆனால் அதை நம்பிச் சொன்னபடி செய்தவரோடு ஒப்பந்தம் ஏற்பட்டுவிடுகிறது. தனியாக "சம்மதம்" என்று கடிதம் எழுதத் தேவை இல்லை. இதுதான் தீர்ப்பு.

சீமாட்டி 100 பவுன் பெற்றார். 96 வயது வரை வாழ்ந்து, 1942-ல்தான் காலமானார்.

காணாமல் போன சிறுவன்

இனி, நம் நாட்டுக் கதை.

1913 ஜனவரியில் கான்பூரில் ஒரு வியாபாரி வீட்டுச் சிறுவன் காணாமல் போய்விட்டான். வியாபாரிக்கு அவன் உறவுப் பையன். தேடுவதற்கு நாலா திசையும் ஆட்களை அனுப்பினார். கணக்குப்பிள்ளை லால்மன் சுக்லாவை வழிச்செலவு கொடுத்து ஹரித்துவாருக்கு அனுப்பினார்.

அவர் புறப்பட்டுப் போன பிறகு வியாபாரி ஒரு நோட்டீசு வெளியிட்டார். பையனைக் கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் இனாம்!

ரிஷிகேசத்தில் சிறுவனைக் கண்டுபிடித்தவர் கணக்குப்பிள்ளைதான். அவருக்கு 2 தங்க நாணயங்களும் 20 ரூபாயும் கிடைத்தன. அவரும் வாய் திறக்கவில்லை. சுமார் 6 மாதம் கழித்து அவருக்கு வேலை போயிற்று. உடனே, இனாமில் 499 ரூபாய் பாக்கி என்று வழக்குப் போட்டார்.

அலகாபாத் ஐகோர்ட்டு அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை. ஒரு வாக்கைத் தெரிந்துகொண்டால்தான் அதை ஏற்க முடியும், ஏற்றால்தான் ஒப்பந்தம். கணக்குப்பிள்ளையோ இனாமுக்காகப் போகவில்லை. முதலாளி சொல்லி, சம்பள வேலையாகப் போனார். தேடுவது முன்பே அவர் கடமை ஆகிவிட்டது என்று ஐகோர்ட்டு கூறியது.

சட்டம் சொல்வது

இந்தியாவில் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் வந்தது. அதன் சாரம் மிக எளிது.

ஒருவர் வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவர் அதை அறிந்து ஏற்க வேண்டும். அதற்கு ஈடாக ஒரு கைமாறு வேண்டும். பத்திரங்களில் "பிரதிபலன்" என்று எழுதுவது இதைத்தான்.

இரு தரப்பாரும் 18 வயது நிரம்பியவர்களாகவும் புத்தித் தெளிவு உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும். மிரட்டியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கக் கூடாது. காரியமும் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால் கிடைக்காது.

பெரும்பாலான கொடுக்கல் வாங்கலுக்கு வாய்ப் பேச்சே போதும், அதுவும் ஒப்பந்தம்தான். ஆனால் தகராறு வந்தால் வாய்ப் பேச்சை நிரூபிப்பது கஷ்டம். ஆகவே என்ன வேலை, எவ்வளவு கூலி, எந்தத் தேதிக்குள் என்பதை எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுவது நல்லது. வராத பணத்துக்காகப் பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும்.

"கண்டுபிடித்தால் என்ன தருவீர்கள்?" என்று ரெயில் ஏறுமுன் கணக்குப்பிள்ளை கேட்டு, முதலாளியும் ஒரு தொகை சொல்லியிருந்தால், தீர்ப்பு மாறியிருக்கலாம். அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால், 499 ரூபாய் போயிற்று!