பழி கிராபிக்ஸ் கார்டு மேல்

‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. உள்ளே இருப்பதோ 24 ஜிபி மெமரியுள்ள கிராபிக்ஸ் கார்டு. 2023-இலும் 2024-இன் தொடக்கத்திலும், அன்ரியல் எஞ்சினில் உருவான கேம்களைப் புதிய கம்ப்யூட்டரில் திறந்த பலர் இந்தச் செய்தியைப் பார்த்துத் திகைத்தார்கள். டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டார்கள். கார்டையே மாற்றியவர்களும் உண்டு. கோளாறு கார்டில் இல்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் இருந்தது.

கேமின் காட்சிகளை எப்படி வரைவது என்று கார்டுக்குச் சொல்லும் ஷேடர் கோப்புகள் சுருக்கப்பட்டே வருகின்றன. அவற்றை விரித்தெடுப்பது பிராசஸரின் வேலை. எல்லாக் கோர்களும் முழுவீச்சில் இறங்கும் நேரம் அது. ஒரு கோர் கணக்கில் சறுக்கினால், விரிந்து வரும் தரவு கெட்டுப்போகும். அதைக் கையில் வாங்கிய எஞ்சின் குழம்பிப்போய் வீடியோ மெமரியைக் கைகாட்டியது. 2024 ஏப்ரலில் என்விடியாவே, இந்தப் பிழை வந்தால் இன்டெலைக் கேளுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இன்டெல் காரணத்தை ஒப்புக்கொண்டது அந்த ஜூலையில். பிராசஸருக்குள் இருக்கும் மைக்ரோகோடு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டிருக்கிறது. அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து, கோருக்குத் தாளம் போடும் கிளாக் சர்க்யூட்டை முன்கூட்டியே தேய்த்துவிட்டன. ஆகஸ்டில் பயாஸ் வழியாக வந்த திருத்தம் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. மதர்போர்டு கம்பெனிகளுக்கும் இதில் பங்குண்டு. கோர் ஐ9 13900கே பிராசஸருக்கு இன்டெல் சொன்ன உச்சவரம்பு 253 வாட். சோதனைப் பட்டியல்களில் முந்த வேண்டும் என்ற ஆசையில் அந்த வரம்பையே தளர்த்தி விற்கப்பட்ட போர்டுகள் ஏராளம்.

இந்தக் கதை கேமர்களோடு நிற்பதில்லை. பிளெண்டரில் ரெண்டர் போடுகிறவர், டாவின்சி ரிசால்வில் கலர் பார்க்கிறவர், பிரீமியரில் எடிட் செய்கிறவர் எல்லோருமே கம்ப்யூட்டரின் அத்தனை பாகங்களையும் ஒரே நேரத்தில் கசக்குகிறவர்கள். பிரவுசரும் எக்செலும் மாதக்கணக்கில் மறைத்து வைத்த பலவீனம் அரைமணி நேர ரெண்டரில் வெளியே வந்துவிடும். அதனால்தான் ‘மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறதே, இந்த சாஃப்ட்வேர்தான் சரியில்லை’ என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வருகிறோம்.

கடைக்காரரும் உடனே விண்டோஸை ஃபார்மட் பண்ணச் சொல்வார். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஃபார்மட் செய்தால் ஈவென்ட் வியூவரில் இருக்கும் பதிவுகளும் போய்விடும். கையில் இருக்கும் ஒரே சாட்சி அது. அதில் ‘WHEA-Logger’ பதிவுகள் தெரிந்தால் ஹார்ட்வேர் பக்கம் திரும்பலாம். ‘கெர்னல் பவர் 41’ என்பதைப் பார்த்து எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று தீர்ப்பெழுதுகிறவர்கள் அதிகம். மெஷின் முறையாக அணையாமல் நின்றது என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்வதில்லை.

நான் முதலில் பார்க்கச் சொல்வது பயாஸ். புதிய பதிப்பை ஏற்றிவிட்டு, ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைக்க வேண்டும். பெட்டியில் 6000 என்று போட்டு விற்கும் டிடிஆர்5 ராம், 14-ஆம் தலைமுறையில் இன்டெல் உறுதி தரும் 5600-ஐத் தாண்டிய ஓவர்கிளாக். நாலு ஸ்லாட்டும் நிரம்பினால் அந்த உறுதியும் இன்னும் கீழே இறங்கும். அணைத்த பிறகு கிராஷ் நின்றால், ஆள் அகப்பட்டாயிற்று. நிற்காவிட்டால் இரவு முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது.

யார் மேலும் குற்றமில்லாத கிராஷும் உண்டு. கிராபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால், அது செத்துவிட்டது என்று நினைத்து விண்டோஸ் டிரைவரை மீட்டெடுக்கப் பார்க்கும். சப்ஸ்டன்ஸ் பெயிண்டரில் கனமான டெக்ஸ்சர் வேலை நடக்கும்போது கார்டு மும்முரமாகத்தான் இருக்கும், ஆனால் 2 விநாடி போதாது. ரெஜிஸ்ட்ரியில் அந்தக் காத்திருப்பைக் கூட்டினால் தீர்ந்தது.

தேய்ந்த இன்டெல் பிராசஸரை மட்டும் எந்தத் திருத்தமும் மீட்காது. மாற்றித்தான் வாங்க வேண்டும். பாதிப்புக்கு இடமுள்ள மாடல்களுக்கு இன்டெல் உத்தரவாதத்தை 2 வருடம் நீட்டியிருக்கிறது; பெட்டியோடு விற்றவற்றுக்கு மொத்தம் 5 வருடம். பெட்டியில்லாமல் அசெம்பிள் ஆகி வந்த பிராசஸருக்கு விற்றவரிடம்தான் போய் நிற்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் 13900கே மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கட்டும்: பழைய பயாஸில் எத்தனை மாதம் ஓடியது என்பது சிப்பைத் திருப்பிப் பார்த்தால் தெரியாது.