புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு: சொல்லத் தயங்கும் சங்கடங்கள்

எங்கள் புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி இது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஏழெட்டு வாரங்களான ஒருவர் மனைவியுடன் வந்து அமர்கிறார். புண் ஆறிவிட்டது, பி.எஸ்.ஏ. அளவும் நன்கு இறங்கியிருக்கிறது. “வேறு ஏதேனும் தொந்தரவு உண்டா ஐயா?” என்று கேட்கிறோம். “ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது” என்று கூறி எழுந்துவிடுகிறார். அவர் வெளியே சென்றதும், எதையோ மறந்துவிட்டவர்போல் மனைவி மட்டும் திரும்பி வருகிறார். “தண்ணீரே குடிப்பதில்லை டாக்டர். பேத்தியின் காதுகுத்துக்குக்கூட வரவில்லை. வேட்டி நனைந்துவிடுமோ என்ற பயம்” என்கிறார், தாழ்ந்த குரலில்.

அவருடைய பயத்திற்குக் காரணமான சிறுநீர்க் கசிவு, இந்த அறுவைக்குப் பின் மிகப் பலருக்கும் ஏற்படுவது. பெரும்பாலோருக்குப் படிப்படியாகக் குறைந்துவிடுவது. ஆனால் வாய்திறந்து சொன்னால்தான் நாங்கள் உதவ முடியும். ஆகவே, கேட்கத் தயங்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே நாங்களே முன்வந்து எழுதுகிறோம்.

கசிவு ஏன் ஏற்படுகிறது?

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்ப் பாதையைச் சுற்றி அமைந்துள்ள சிறு சுரப்பி. சிறுநீரைத் தடுத்து வைக்க இயற்கை இரண்டு தடுப்புகளை அமைத்துள்ளது. ஒன்று சுரப்பிக்கு மேலே, சிறுநீர்ப்பையின் கழுத்தில். மற்றொன்று சுரப்பிக்குக் கீழே. சுரப்பியை அகற்றும்போது மேல்தடுப்பு பெரும்பாலும் பயனற்றுப்போகிறது. அதுவரை இருவர் பார்த்த காவலைக் கீழ்த்தடுப்பு தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பழகச் சில மாதங்கள் ஆகின்றன.

பொதுவாக இரவில் படுத்திருக்கும்போது கசிவு முதலில் நிற்கும். பிறகு காலை வேளைகள் சீராகும். தசை களைத்துப்போகும் மாலை நேரமும், இருமல், தும்மல், நாற்காலியிலிருந்து எழுதல் ஆகிய தருணங்களும் கடைசியில்தான் வசப்படும். காலையில் நன்றாக இருந்து மாலையில் கசிந்தால், நோய் திரும்பிவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் நல்ல முன்னேற்றம் தெரியும். ஓராண்டு கடந்தும் கசிவு தொல்லை தருமானால் அதற்கும் அறுவை முறைகள் உள்ளன.

தசைக்கு ஒரு பயிற்சி

1948-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்டு கீகல், பிரசவத்திற்குப் பின் கசிவால் அவதியுற்ற பெண்களுக்காக எழுதிய பயிற்சியே இன்று ஆண்களுக்கும் கற்பிக்கப்படுகிறது. முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை உள்ளிழுத்து, ஐந்து விநாடி நிறுத்தி, ஐந்து விநாடி தளர்த்துங்கள். வயிறும் பிட்டமும் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. ஒரு வேளைக்குப் பத்து முறையாக, நாளுக்கு மூன்று வேளை செய்யுங்கள். பழகிய பின் உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம். எழுவதற்கும் இருமுவதற்கும் முன்னர் அத்தசையை ஒருமுறை இறுக்கிக்கொள்வது நல்ல பலன் தரும்.

சிறுநீர்க்குழாய் உள்ளே இருக்கும் நாட்களில் இப்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் கூடாது.

தண்ணீரைக் குறைப்பது பெரும் தவறு. சிறுநீர் அடர்த்தியானால் பையில் எரிச்சல் மிகுந்து, அவசரம் கூடும். மலச்சிக்கலும் சேர்ந்து முக்க நேரிடும். பகலில் வழக்கம்போல் குடியுங்கள். படுக்கைக்கு முந்தைய இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். காபி, தேநீரை அளவோடு நிறுத்துங்கள். வெளியே செல்லும்போது ஆண்களுக்கான பேடு அணியலாம். அது விலகாமல் நிற்க வேட்டிக்குள் இறுக்கமான உள்ளாடை தேவை. பையில் மாற்று வேட்டி ஒன்று இருந்தால் மனம் அமைதியாக இருக்கும்.

கணவன் மனைவிக்கிடையே

விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டின் இருபுறமும் ஒட்டிச் செல்கின்றன. அவற்றைக் காத்து அறுவை செய்யும் முறையை 1982-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் பேட்ரிக் வால்ஷ் தொடங்கிவைத்தார். புற்றுநோய் அந்நரம்புகளைத் தொட்டிருந்தால் அவற்றைக் காக்க இயலாது. காக்கப்பட்டாலும் அவை தெளிந்தெழ இரண்டாண்டு வரை ஆகலாம். உச்சவுணர்வு பொதுவாக எஞ்சியிருக்கும். விந்து மட்டும் வெளிவராது. மாத்திரை, ஊசி, வெற்றிடக் கருவி எனச் சிகிச்சைகள் பல உள்ளன. ஆனால் மருந்துக்கடையில் நீங்களாகவே மாத்திரை வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதைப் பற்றிப் பேச வயது ஒரு தடையாகாது. கணவர் விலகிப் படுத்தால், தம்மை வெறுத்துவிட்டாரோ என மனைவி எண்ணுகிறார். இவரோ தம்மால் இயலவில்லையே என்று குன்றிப்போகிறார். இருவரும் சேர்ந்து வந்தாலும் தனித்தனியே வந்தாலும் நாங்கள் பேசக் காத்திருக்கிறோம். நீங்கள் கூறுவது அறையை விட்டு வெளியே போகாது.

பி.எஸ்.ஏ. எண்ணும் மனமும்

பரிசோதனை நாள் நெருங்கும்போது உறக்கம் கெடுவது இயல்பு. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தால் கவலை சிறிது குறையும். சுரப்பியை முழுதும் அகற்றியவருக்கு, ஆறு முதல் எட்டு வாரத்தில் பி.எஸ்.ஏ. கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். பிற்பாடு அது உயர்ந்து, அடுத்தடுத்த இரு பரிசோதனைகளில் 0.2 நானோகிராமைத் தொட்டாலோ தாண்டினாலோ நாங்கள் ஆராய்வோம். அந்நிலையிலும் கதிர்வீச்சு அளித்துக் குணப்படுத்தும் வாய்ப்பு பலருக்கு உண்டு.

கதிர்வீச்சு மட்டும் பெற்றவருக்குச் சுரப்பி உள்ளேயே இருப்பதால் அளவு மெல்லத்தான் இறங்கும். ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இடையில் சற்று உயர்ந்து தானாகவே இறங்குவதும் உண்டு. ஆகவே, அறுவை செய்துகொண்ட நண்பரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதியுங்கள்.

ஹார்மோன் ஊசி பெறுவோருக்கு

ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்நோய் அடங்கும் என்பதை 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் நிறுவினார். அதற்காக 1966-இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் அதுவே முக்கியச் சிகிச்சைகளுள் ஒன்று. திடீரென உடல் தகித்து வியர்த்தல், களைப்பு, மனச்சோர்வு, எடை கூடுதல் ஆகியவை இதன் பக்கவிளைவுகள். எலும்பும் தசையும் மெலியும். தினமும் நடையும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்யுங்கள். கேழ்வரகு, கீரை, பால், முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவை எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து தரும். சிடுசிடுப்பும் கண்ணீரும் மருந்தின் விளைவாகவும் இருக்கலாம் என்பதை வீட்டார் அறிந்திருப்பது நல்லது.

உடனே வர வேண்டிய நேரங்கள்

குழாய் எடுத்த பின் சிறுநீர் வராமல் அடிவயிறு வலித்தாலும், குளிர்காய்ச்சல் வந்தாலும், சிறுநீரில் இரத்தக்கட்டிகள் வந்தாலும், ஒரு காலின் ஆடுதசை வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும் மறுநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். குழாய் தானாகக் கழன்றால் வீட்டிலோ வேறிடத்திலோ மீண்டும் செருக விடாமல் நேரே இங்கு வாருங்கள். நோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு முதுகுவலியோடு கால் பலவீனமோ மரத்துப்போதலோ ஏற்பட்டால், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

அடுத்த முறை வருமுன், எத்தனை பேடு மாற்றினீர்கள், எந்த நேரத்தில் கசிந்தது, எதைக் கேட்க வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். சொல்ல நா எழாவிட்டால் அந்தத் தாளை எங்கள் கையில் கொடுங்கள், அதுவே போதும். காதுகுத்துக்குப் போகாதிருந்தவரும் அவ்வாறே ஒரு தாளைத்தான் நீட்டினார். தசைப் பயிற்சியைக் கற்று, நான்கு மாதங்களுக்குப் பின் மீண்டும் வந்தபோது, தற்போது நாளுக்கு ஒரு பேடுதான் ஆகிறது என்றார். வழியில் பேருந்து நிலையத்தில் இளநீர் குடித்துவிட்டு வந்ததாகவும் சொன்னார்.