கொல்வதென்றால் எதற்காக என்று தெரிந்திருக்க வேண்டும்

ஆஸ்திரேலியாவின் தெற்கு டாஸ்மானியக் காடுகளில் ஆய்வாளர்கள் பூனைகளைப் பிடித்துக் கொன்று பார்த்தார்கள். பூனைகள் குறைந்திருக்க வேண்டும். தானியங்கிக் கேமராக்களில் தெரிந்ததோ நேர்மாறு. ஓரிடத்தில் பூனைகளின் எண்ணிக்கை 75 சதவீதமும், இன்னோரிடத்தில் 211 சதவீதமும் கூடியிருந்தது. எல்லையைக் காத்துவந்த வலிய பூனைகள் போனதும், ஒதுங்கியிருந்த இளம் பூனைகள் சுற்றுப்புறத்திலிருந்து உள்ளே வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் அவர்கள். அப்படியானால் அங்கே செத்த பூனைகள் வீணாகவே செத்தன.

பூனைகளைக் கொல்லவே கூடாது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. ஆஸ்திரேலியாவுக்குப் பூனை வந்தது ஐரோப்பியக் குடியேறிகளோடு. இன்று மனிதரை நம்பாமல் காட்டிலேயே பிறந்து வளரும் பூனைகள், வறண்ட ஆண்டுகளில் ஏறத்தாழ 21 லட்சமும் நல்ல மழைக்குப்பின் 63 லட்சமும் இருக்கும் என்பது மதிப்பீடு. ஆண்டுக்கு 150 கோடிக்கும் மேற்பட்ட உள்நாட்டுப் பாலூட்டிகளும் பறவைகளும் ஊர்வனவும் தவளைகளும் அவற்றுக்கு இரையாகின்றன. பூனை இனமே இல்லாத கண்டத்தில் உருவான சிறு விலங்குகளுக்கு, பதுங்கிப் பாயும் இந்த வேட்டைக்காரனிடமிருந்து தப்பத் தெரியாது. அங்கே அழிந்துபோன பாலூட்டி இனங்களில் 20க்கும் மேற்பட்டவற்றின் அழிவில் பூனைக்குப் பெரும் பங்குண்டு. அழிந்த இனம் திரும்பி வராது. அதனால்தான், மனம் கனத்தாலும், சில இடங்களில் கொல்வதை ஏற்கிறேன்.

எப்படிக் கொல்வது என்பது அடுத்த கேள்வி. பூனை உயிருள்ள இரையையே விரும்பும்; வேறு இரை கிடைக்காத காலத்தில்தான் நஞ்சு வைத்த இறைச்சியைத் தொடும். அதிகம் பயன்படும் நஞ்சு ‘1080’. மேற்கு ஆஸ்திரேலியாவின் சில செடிகளில் இதே வேதிப்பொருள் இயற்கையாகவே இருப்பதால், அங்குள்ள உள்நாட்டு விலங்குகள் பல அதைத் தாங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வந்த பூனையும் நரியும் தாங்காது. ஆனால் சாகும் விலங்குக்கு வலிப்பு வருகிறது. இதைவிட இரக்கமானதாகக் கருதப்படுவது ‘பாப்’ என்ற நஞ்சு. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போக, பூனை சோர்ந்து நினைவிழந்து இறக்கிறது. ‘ஃபெலிக்ஸர்’ என்றொரு கருவியும் உண்டு. கடந்துபோகும் விலங்கின் உருவத்தை லேசர் கதிர்களால் அறிந்து, பூனையாக இருந்தால் மட்டும் அதன் உடலில் நஞ்சுக் கூழைப் பீய்ச்சும். பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்யும்போது நஞ்சு உள்ளே போகிறது. மற்ற விலங்குகள் தப்பும். ஆனால் உள்ளே போவதும் 1080தான். பூனைக்கு வலி குறைவதில்லை.

கிப்சன் பாலைவனத்தின் கிவிர்குரா மக்கள் தடம் பார்த்துப் பூனையைத் தேடிப் பிடித்து, உணவாகவும் உண்கிறார்கள். அவர்களுடைய நிலத்தில் பில்பி என்னும் நீள்காது விலங்கு இன்னும் வாழ்கிறது. வீணாகாத, அடையாளம் தவறாத இந்த வேட்டையே அறத்துக்கு மிக நெருக்கமானது என்று நினைக்கிறேன். ஆனால் தடம் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு கண்டம் முழுவதற்கும் இல்லை.

2015இல் ஆஸ்திரேலிய அரசு, 2020க்குள் 20 லட்சம் பூனைகளைக் கொல்வதாக அறிவித்தது. கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யுங்கள் என்று பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ கடிதம் எழுதினார். அந்த இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் கருத்தடை செய்து காட்டில் விட்ட பூனை அன்றிரவும் வேட்டைக்குப் போகும். அரசின் இலக்கிலும் பெரிய ஓட்டை இருந்தது. செத்த பூனைகளை எண்ணியதே தவிர, எந்த விலங்கு பிழைத்தது என்று அது கேட்கவில்லை. ஊர் ஓரத்தில் சுட்ட பூனையும் அருகிவரும் விலங்கின் வளையருகே பிடித்த பூனையும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவு விவசாயிகளுக்கு இன்னொரு கவலை. பூனைக் கழிவு வழியே பரவும் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி, சினையாடுகளைக் குட்டி வீசச் செய்கிறது. அங்கே எடுத்த முடிவு எனக்குச் சரியாகப் படுகிறது. தீவின் டட்லி தீபகற்பத்தின் குறுகிய கழுத்தில் வேலி போட்டு, ஒரு பக்கமாகப் பூனைகளை அகற்றிக்கொண்டு வருகிறார்கள். வீட்டுப் பூனைகளுக்குக் கருத்தடையும் மைக்ரோசிப்பும் கட்டாயம். வீட்டுப் பூனையின் குட்டிகள் காட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தால் எந்த நஞ்சும் போதாது. பண்ணை வீட்டில் எலிக்காகப் பூனை வளர்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

முழுமையாக முடிக்க முடிகிற இடங்களில் பலன் கிடைக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் டர்க் ஹார்டாக் தீவு 2018இல் பூனையற்றதாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து மறைந்த, கங்காரு போன்ற சிறு வாலபிகள் மீண்டும் கொண்டுவிடப்பட்டன. கடலோ வேலியோ இல்லாத நிலத்தில், திரும்பி வரும் பூனைகளைத் தடுக்கவும் விளைவை அளக்கவும் ஏற்பாடு இல்லாமல் பொறி வைப்பவர்கள் அதை நிறுத்த வேண்டும்.