நேற்று பாஸ்... இன்று ஃபெயில்! சாஃப்ட்வேர் டெஸ்ட்டிங்கில் 'பழைய டேட்டா' செய்யும் வேலை

கோடில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனாலும், நேற்று 'பாஸ்' ஆன டெஸ்ட் இன்று 'ஃபெயில்'. காரணம், பல நேரங்களில் முந்தைய டெஸ்ட் விட்டுச்சென்ற டேட்டாதான்.

மங்கலம்பேட்டையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் டெஸ்டர் ஒருவர், பக்கத்து ஊரான விருத்தாசலத்தின் பீங்கான் பொம்மைக் கடைக்கான பில்லிங் ஆப்பைச் சோதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் ஸ்கிரிப்ட், ஒரு மொபைல் எண்ணில் புது வாடிக்கையாளரைச் சேர்க்கிறது. பாஸ்! மறுபடி ஓட்டினால், 'இந்த எண் ஏற்கெனவே உள்ளது' என்கிறது ஆப். ஆப் சொன்னது சரிதான். டேபிளில் அந்தப் பழைய பதிவு அப்படியே கிடக்கிறதே!

பீங்கான் வேலையிலும் இதே கதைதான். பிளாஸ்டர் அச்சு, களிமண் கரைசலின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் காயாத அச்சில் அடுத்ததை ஊற்றினால் பொம்மை சரியாக வராது.

என்ன செய்யலாம்?

புது மதிப்பு: ஒவ்வொரு முறையும் புது எண், புது பெயரை ஸ்கிரிப்ட்டே உருவாக்கட்டும். மோதல் வராது. ஆனால், டேபிள் வீங்கிக்கொண்டே போகும்.

ரோல்பேக்: டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷனுக்குள் டெஸ்ட்டை ஓட்டி, முடிந்ததும் மொத்தத்தையும் ரத்து செய்வது. வேகமான வழி. ஆனால், பிரவுசர் வழியாக ஓடும் டெஸ்ட்டுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. அங்கே ஆப் தனி இணைப்பில் பதிவை சேமித்துவிடும்.

முன்பே சுத்தம்: டெஸ்ட் பாதியில் நின்றுபோனால், கடைசியில் வைத்த 'கிளீன் அப்' ஓடாமலே போகலாம். அதனால், தொடங்கும்போதே பழசை அழிப்பது பாதுகாப்பு.

டெஸ்ட் டேட்டாதானே, கிடந்தால் என்ன?

அமெரிக்காவின் சிட்டிகுரூப்புக்கு நடந்ததைப் பாருங்க. கிளைக் குறியீடு 089 முதல் 100 வரை இருந்தால் அது டெஸ்ட் வர்த்தகம். பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தரும் பட்டியலில் அதைச் சேர்க்கக் கூடாது. இதுதான் அதன் சாஃப்ட்வேரில் இருந்த விதி. பிறகு நிஜக் கிளைகளுக்கே '10பி' போன்ற குறியீடுகள் வந்தன. சாஃப்ட்வேர் அவற்றையும் டெஸ்ட் என்றே ஒதுக்கியது.

1999 முதல் 2014 வரை இது தொடர்ந்தது. விடுபட்டவை 26,810 நிஜப் பரிவர்த்தனைகள். 2016-ல் விதிக்கப்பட்ட அபராதம் 70 லட்சம் டாலர்!

டெஸ்ட் டேட்டாவுக்குத் தனி டேட்டாபேஸ் கொடுங்கள். முடியாவிட்டால், 'இது டெஸ்ட்' என்று சொல்ல ஒரு தனி காலமாவது வையுங்கள். குறியீட்டைப் பார்த்து ஊகிக்கும் வேலையை சாஃப்ட்வேரிடம் விடாதீங்க.