சோளம் மட்டும் போதாது

ஐதராபாத் மாதாப்பூரில், ஐ.டி. அலுவலகங்களைச் சுற்றியுள்ள உணவகங்களில் ஜொன்ன ரொட்டிக்கு, அதாவது சோள ரொட்டிக்கு, நல்ல கிராக்கி. சோளம் விளைந்த தெலங்கானா கிராமங்களிலோ தட்டில் பெரும்பகுதி ரேஷன் அரிசிதான். 1983இல் என்.டி.ராமராவ் கொண்டுவந்த கிலோ 2 ரூபாய் அரிசி பட்டினியைத் தடுத்தது என்பதை மறுக்க முடியாது. இரத்தசோகையை அரிசியால் தடுக்க முடியவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது.

அப்படியானால் சோளத்துக்கே திரும்பிவிடலாமா? சிறுதானிய மோகத்தில் பலரும் மறந்துபோன ஒரு செய்தி உண்டு. குன்னூரில் தொடங்கி 1958இல் ஐதராபாத்துக்கு வந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம்தான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அங்கே பணியாற்றிய, சேலத்தில் பிறந்த மருத்துவர் சி.கோபாலனும் எஸ்.ஜி.ஸ்ரீகாந்தியாவும், சோளத்தையே நம்பியிருந்த தக்காணத்து ஏழைகளிடம் காணப்பட்ட பெல்லாக்ரா நோயைப் பற்றி 1960இல் எழுதினார்கள். கழுத்து, முன்கை என வெயில் படும் இடமெல்லாம் தோல் கருத்து உரியும். வயிற்றுப்போக்கு வரும், முற்றினால் புத்தி தடுமாறும். நியாசின் சத்துக் குறைவுதான் காரணம். ஆக, குற்றம் அரிசியிலும் இல்லை, சோளத்திலும் இல்லை. ஒன்றையே தின்பதில் இருக்கிறது.

மாதாப்பூரிலிருந்து மும்பை நெடுஞ்சாலையில் போனால் ஜஹீராபாத். அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் சங்கங்களைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், மானாவாரி நிலத்தில் சோளம், துவரை, தினை, தட்டைப்பயறு எல்லாவற்றையும் கலந்தே விதைக்கிறார்கள். 2019இல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் விருது அவர்களுக்குக் கிடைத்தது. எனக்குப் பெரிதாகப் படுவது விதைக்காமல் முளைப்பவை: பண்ணைக்கீரை, தொய்யக்கீரை. தெலங்கானாவின் பூத்திருவிழாவான பதுக்கம்மா பண்டிகையில் அடுக்கும் குனுகுப்பூ, இந்தப் பண்ணைக்கீரையின் பூதான். களைக்கொல்லி அடித்த பருத்திக்காட்டில் இவை களையோடு களையாகப் போய்விடும்; காசில்லாமல் கிடைத்த கீரையும் போய்விடும்.

உலக உணவு வேளாண் அமைப்பு பெண்களின் உணவை 10 வகையாகப் பிரித்து, ஒரு நாளில் 5 வகையாவது சேர வேண்டும் என்கிறது. சோறும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் ஒரே வகைக் கணக்கு. பருப்பு, பால், முட்டை, கீரை தனித்தனி. நேற்று உங்கள் வீட்டுப் பெண்கள் சாப்பிட்டதை எண்ணிப் பாருங்கள். ஐந்து தேறாவிட்டால் முதலில் பருப்பையும் கீரையையும் கூட்டுங்கள்.